கார்ன்வால் கடலோரம்: அம்மா, பிள்ளைகளோடு எங்கே தங்கலாம், எதை விடலாம்?

ராதா_ரீடிங்

வணக்கம். மே கடைசி வாரப் பள்ளி விடுமுறைக்கு இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் கார்ன்வால் போவதாக முடிவு. நாங்கள் இருக்கும் ரீடிங் ஊரிலிருந்து காரில். நான், கணவர், பதினொரு வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், கூடவே திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி. சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால் முகம் சுருங்கிவிடும். சுத்த சைவம்.

கணவர் போட்ட பட்டியல்: டின்டாஜல் கோட்டை, நியூகீ, ஈடன் புராஜெக்ட், செயின்ட் ஐவ்ஸ், லேண்ட்ஸ் எண்ட், செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட், நேரம் இருந்தால் லிசர்ட் முனை. எல்லாம் அந்த ஒரு வாரத்துக்குள். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரிகின்றன. பையனுக்கு இன்ஜின், சுரங்கம் என்றால் உயிர். பெண்ணுக்கு மணல் போதும். அம்மாவைக் கேட்டால் "நீங்க எங்க போறீங்களோ அங்க" என்கிறார். அந்தப் பதில்தான் பயமாக இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி

பட்டியலில் பாதியை வெட்டுங்கள். டின்டாஜலிலிருந்து லேண்ட்ஸ் எண்டுக்குக் காரில் இரண்டு மணி நேரம், விடுமுறை வாரத்தில் இன்னும் கூடும். உங்கள் கணவர் பட்டியல்படி போனால் கடலைவிட ஏ30 சாலையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

என் யோசனை இதுதான். மேற்குக் கோடியில் மட்டும் இருங்கள். பென்சான்ஸ், செயின்ட் ஜஸ்ட், செயின்ட் ஐவ்ஸ் மூன்றையும் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். அதற்குள்ளேயே பாறை முனைகள், பாழடைந்த சுரங்கக் கட்டடங்கள், வெள்ளை மணல், மீன்பிடித் துறைமுகம் எல்லாம் இருக்கின்றன. எங்கிருந்தும் எங்கும் அரை மணி, முக்கால் மணிதான். செயின்ட் ஐவ்ஸிலிருந்து செயின்ட் ஜஸ்ட்டுக்குப் போகும் பி3306 சாலையை மட்டும் விடாதீர்கள். ஒரு பக்கம் கருங்கல் வரப்பு கட்டிய சின்னச் சின்ன வயல்கள், மறுபக்கம் நேராக அட்லாண்டிக். அம்மா காரை விட்டு இறங்காமலே பாதி ஊரைப் பார்த்துவிடுவார்.

கார் கட்டாயமா என்றும் யோசியுங்கள். லண்டன் பாடிங்டனிலிருந்து பென்சான்ஸ் போகும் ரயில் ரீடிங்கில் நிற்கும். டாலிஷ் பக்கம் தண்டவாளம் கடலை ஒட்டியே போகும். 2014 பிப்ரவரி புயலில் அங்கே தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். அப்புறம் சால்டாஷில் பொறியாளர் புருனல் கட்டிய 1859-ஆம் ஆண்டுப் பாலம். பையன் ஜன்னலை விட்டு நகர மாட்டான்.

யாழ்_மைந்தன்

நான் பிளிமத்தில் இருக்கிறேன், அடிக்கடி அந்தப் பக்கம் போய்வருவது. கடலோடி அண்ணா சொன்னது சரி. கார் ஓடுகிறவருக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே ரோட்டுக் கரையில் பச்சையாகத் தெரிவதை வேலிச் செடி என்று நினைக்க வேண்டாம். அது கல் அடுக்கி மண் நிரப்பிய வரப்பு, மேலேதான் புல்லும் பூவும். உரசினால் காரின் பெயிண்ட் போய்விடும். எதிரே டிராக்டர் வந்தால் ரிவர்ஸில் போகத் தெரிந்திருக்க வேண்டும். மற்றபடி சனம் நல்ல சனம், கை காட்டி வழி விடுவார்கள்.

இன்னொன்று, கடலைப் பற்றி. சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவில்தான். இங்கே அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஐந்து மீட்டர் வரை வித்தியாசம் வரும். காலையில் பிள்ளைகள் ஓடி விளையாடிய மணல் மத்தியானம் இருக்காது. பாறைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குடாக்களுக்குள் போனால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். ஓத நேர அட்டவணையைப் போனில் வைத்திருங்கோ. உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு-மஞ்சள் கொடி இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும். மே மாதத் தண்ணீர் பதின்மூன்று பாகை கூட வராது, பிள்ளை தானாகவே வெளியே வந்துவிடும்.

நேரம் கிடைத்தால் மவுஸ்ஹோல் கிராமத்துக்குப் போங்கோ. வடிவான சின்னத் துறைமுகம். 1981 டிசம்பர் 19 இரவு, இன்ஜின் நின்றுபோன யூனியன் ஸ்டார் கப்பலைக் காப்பாற்ற அந்த ஊர் மீட்புப் படகு போனது. படகில் போன எட்டுத் தொண்டர்களும் திரும்பவில்லை, கப்பலில் இருந்த எட்டுப் பேரும் போய்விட்டார்கள். பழைய படகுக் கொட்டகை இப்போதும் கரையோரம் நிற்கிறது. சம்பளம் வாங்காத சனம், கூப்பிட்டால் அந்த அலைக்குள் போகிறார்கள். நான் மீட்புப் படகு உண்டியலில் காசு போடாமல் அந்த இடத்தைத் தாண்டியதில்லை.

கோட்டைவாசல்

டின்டாஜலை வெட்டச் சொன்னதை நான் ஏற்கவில்லை. பதினொரு வயதுப் பையனுக்கு ஆர்தர் அரசன் பிறந்த கோட்டையைக் காட்டாமல் துருப்பிடித்த சுரங்கத்தையா காட்டுவது? 2019-இல் புதுப் பாலம் போட்டிருக்கிறார்கள். முன்பு போலக் கீழே இறங்கி ஏற வேண்டியதில்லை. இரண்டு கரையிலிருந்தும் நீளும் பாலத்தின் கைகள் நடுவில் தொடாமல் நிற்கும், நான்கு சென்டிமீட்டர் இடைவெளி. அதைத் தாண்டும்போது கீழே கடல் தெரியும். அதற்காகவே போகலாம்.

கடலோடி

பாலம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் பாலத்தைத் தாண்டியதும் தீவின் மேல் கரடுமுரடான பாதையும் படியும்தான். முட்டி வலிக்கு ஆகாது.

ஆர்தர் விஷயம் வேறு. அந்தக் கதையை 1130-களில் எழுதியவர் மான்மத் ஜெஃப்ரி. இப்போது நிற்கும் சுவர்களைக் கட்டியவர் கார்ன்வால் பிரபு ரிச்சர்ட், அதற்கும் நூறு ஆண்டு கழித்து. போர் நடத்த அங்கே ஒன்றுமே இல்லை. கதையில் வரும் இடம் என்ற பெருமைக்காகவே கட்டியிருப்பார் என்று வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆக அது பதின்மூன்றாம் நூற்றாண்டின் சுற்றுலாத் தலம்!

எனக்கு அங்கே பிடித்தது அதற்கும் முந்தைய சங்கதி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டில் கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மது, எண்ணெய் நிரப்பிய சாடிகள் அந்தப் பாறைக்கு வந்து இறங்கியிருக்கின்றன. ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. அரிக்கமேட்டு ஓடுகளைப் பார்த்த கண்ணுக்கு அது சும்மா கடந்துபோகிற விஷயமில்லை. ஆனாலும் சொல்கிறேன், இந்தப் பயணத்துக்கு வேண்டாம். வரும்போதோ போகும்போதோ ஒரு இரவு வடக்கே தங்க முடிந்தால் பாருங்கள்.

கோட்டைவாசல்

கதைக்காகக் கட்டினாலும் கோட்டை கோட்டைதானே. சரி, விடுங்கள்.

தங்கவயல்_பேரன்

"துருப்பிடித்த சுரங்கம்" என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளி. வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பம். அங்கே எங்கள் பெரியவர்கள் பேச்சில் "கார்னிஷ் கேப்டன்" என்ற வார்த்தை சாதாரணமாக வரும். சுரங்க மேற்பார்வையாளர்களை அப்படித்தான் சொல்வார்கள்.

அது எப்படி வந்தது என்றால், 1866-இல் செம்பு விலை விழுந்து கார்ன்வால் சுரங்கங்கள் வரிசையாக மூடின. பிறகு வெளிநாட்டு வெள்ளீயம் வந்து அங்கே வெட்டிய வெள்ளீயத்தின் விலையையும் சாய்த்தது. ஆட்கள் குடும்பம் குடும்பமாகத் தென் ஆஸ்திரேலியா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா என்று கிளம்பினார்கள். அதே காலத்தில், 1880-களில், ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கோலாரை நடத்த ஆரம்பித்தது. கார்ன்வாலில் சுரங்கம் நடத்திய அனுபவம் அவர்களுக்கு உண்டு. அங்கே வேலை இழந்தவர்களை இங்கே கொண்டுவந்தார்கள். கீழே இறங்கிப் பாறையை உடைக்கத் தமிழர்கள், தெலுங்கர்கள். மேலே நின்று வழி சொல்ல கார்ன்வால்காரர்கள். அவர்களுக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். எங்களுக்குத் தட்டிக் குடிசை வரிசை. ஒரே சுரங்கம்தான், ஆனால் யார் எங்கே வாழ்ந்தார் என்பது வேறு கதை.

அதனால் நான் கார்ன்வால் போனபோது கோட்டை பக்கமே போகவில்லை. நேராக, செயின்ட் ஜஸ்ட் பக்கம் இருக்கும் போட்டலாக் என்ற பழைய சுரங்கம். குன்றின் அடிவாரத்தில், அலை தெறிக்கும் இடத்தில், இரண்டு இன்ஜின் வீடுகள், அதாவது சுரங்கத்தின் நீராவி இன்ஜின்கள் இருந்த கட்டடங்கள், நிற்கின்றன. இதை எப்படிக் கட்டினார்கள் என்று கேட்கத் தோன்றும். அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீருக்குக் கீழே இருக்கிறது. சுரங்கம் அங்கிருந்து கடலுக்கு அடியில் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் போகிறது. புயல் நாளில் தலைக்கு மேல் கடல் பாறைகளை உருட்டும் சத்தம் கீழே வேலை செய்பவர்களுக்குக் கேட்குமாம். 1865-இல் வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் அந்தச் சரிவுச் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்தார்கள். உடனே நாடே வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிட்டது.

பக்கத்தில் லெவன்ட் சுரங்கம். அங்கே ஆட்கள் ஏணியில் இறங்கி ஏறுவதற்குப் பதிலாக ஒரு பொறி வைத்திருந்தார்கள். நீண்ட கம்பம் மேலும் கீழும் ஆடும், அதில் படிகள் இருக்கும். கம்பம் மேலே வரும்போது படியிலிருந்து சுவர்த் திட்டுக்கு மாறி நிற்க வேண்டும், அடுத்த படி வந்ததும் ஏற வேண்டும். இப்படியே மேலே வந்து சேர்வார்கள். 1919 அக்டோபர் 20 அன்று, வேலை முடிந்து ஆட்கள் கம்பம் நிறைய ஏறி வரும்போது உச்சியில் இருந்த இணைப்பு உடைந்தது. 31 பேர் செத்தார்கள். அங்கே இருக்கும் நினைவுப் பலகையின் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். தங்கவயலில் பாறை வெடிக்கும்போது வீட்டில் பாத்திரம் அதிரும், உடனே பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள் என்று பாட்டி சொல்வார். இங்கேயும் அன்று அப்படித்தான் ஓடியிருப்பார்கள்.

பையனுக்கு கீவர். 1990 வரை ஓடிய சுரங்கம், இப்போது அருங்காட்சியகம். ஹெல்மெட் கொடுத்துப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பழைய குடைவுக்குள் கூட்டிப்போவார்கள்.

ராதா_ரீடிங்

தங்கவயல்_பேரன் அண்ணா, உங்கள் பதிவைச் சத்தமாக வாசித்தேன், வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பட்டியலிலிருந்து நியூகீ, ஈடன், லிசர்ட் போயாயிற்று. டின்டாஜலுக்குக் கணவர் இன்னும் வாதாடுகிறார்.

கீவர் குடைவுக்குள் ஆறு வயதுப் பெண் வரலாமா? அம்மா அந்த நேரம் என்ன செய்வார்?

தங்கவயல்_பேரன்

பெரியவர்கள் குனிந்தே நடக்க வேண்டும், சின்னவள் நிமிர்ந்து நடப்பாள். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை என்றால் யோசியுங்கள். அம்மா மேலே அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். தொழிலாளர்கள் குளித்து உடை மாற்றும் கூடத்தை, கடைசி நாளில் எப்படி விட்டுப் போனார்களோ அப்படியே வைத்திருக்கிறார்கள். உணவகத்தில் உட்கார்ந்தாலே கடல் தெரியும்.

தந்திவீட்டுப்_பிள்ளை

போர்த்கர்னோவை யாரும் சொல்லவில்லையே! அப்பா தந்தித் துறையில் இருந்தவர் என்பதால் எனக்கு அது காசி மாதிரி.

1870-இல் அந்த மணலில்தான் இந்தியாவுக்கான கடலடித் தந்திக் கம்பி கரையேறியது. லிஸ்பன் பக்கம், ஜிப்ரால்டர், மால்டா, அலெக்ஸாண்ட்ரியா, சூயஸ், ஏடன், பம்பாய் என்று வழி. அடுத்த சில மாதங்களில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கம்பி போய்விட்டது. கப்பலில் வாரக்கணக்கில் போன செய்தி நிமிடக்கணக்குக்கு வந்தது. செம்புக் கம்பிக்கு மேலே மலாயா காட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவைப் பூசியதால்தான் உப்புத் தண்ணீரில் அது தாங்கியது. பிற்காலத்தில் அந்தச் சின்னப் பள்ளத்தாக்குக்கு 14 கம்பிகள் வந்து சேர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து குன்றுக்குள் சுரங்கம் வெட்டி நிலையத்தை உள்ளே மாற்றினார்கள். வெட்டியவர்கள் அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளிகள். இப்போது அந்தச் சுரங்கமே அருங்காட்சியகம், சமதரை, அம்மாவுக்குச் சிரமமில்லை. இந்தியாவில் 2013 ஜூலையில் தந்தி நின்ற அன்று அப்பா சாப்பிடவில்லை. அவரை அங்கே கூட்டிப்போக முடியவில்லை என்ற குறை எனக்கு உண்டு.

மேலே குன்றில் மினாக் அரங்கம். ரொவீனா கேட் என்ற அம்மையார் 1930-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, தோட்டக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கரையிலிருந்து மணல் சுமந்து, ஆயுள் முழுக்கக் கட்டினார். மேடைக்குப் பின்னணியே கடல்தான். அங்கே படிகள் செங்குத்து, ஆகவே அம்மா மேலிருந்தே பார்க்கட்டும்.

சைவச்_சாப்பாடு

முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கார்னிஷ் பாஸ்டி என்று கடைக்குக் கடை விற்கும், மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட பண்டத்தை அம்மா கையில் கொடுத்துவிடாதீர்கள். உண்மையான பாஸ்டி என்றால் மாட்டிறைச்சி, உருளை, வெங்காயம், ஸ்வீட் (swede, இனிப்பு அல்ல) என்ற கிழங்கு. இதற்கு 2011-இல் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறார்கள். சீஸ்-வெங்காயப் பாஸ்டியும் கிடைக்கும், ஆனால் ஒரே அடுப்பு, ஒரே தட்டு. அம்மா அதைப் பார்ப்பவர் என்றால் ஸ்கோன், ஜாம், கிளாட்டட் கிரீம் பாதுகாப்பு. கிரீமைவிட ஜாமை முதலில் தடவுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து மேசைக்காரர் பாடம் எடுப்பார்.

சமையலறை உள்ள வீடாக எடுங்கள். புளியும் சாம்பார்ப் பொடியும் ரீடிங்கிலிருந்தே வரட்டும்.

செயின்ட் ஐவ்ஸில் கையில் தின்பண்டத்தோடு வெளியே நடக்காதீர்கள். கடற்காகம் தலைக்குப் பின்னாலிருந்து வந்து பிடுங்கும். சின்னவள் அழுவாள்.

யாழ்_மைந்தன்

> கடற்காகம் தலைக்குப் பின்னாலிருந்து வந்து பிடுங்கும்

என் மனுசியின் கையிலிருந்து முழு ஐஸ்கிரீம் போனது. அவ இன்றைக்கும் அந்த ஊர்ப் பேரைச் சொல்ல விடமாட்டா.

கோட்டைவாசல்

லேண்ட்ஸ் எண்டாவது உண்டா, அதையும் வெட்டிவிட்டீர்களா?

கடலோடி

வெட்டவில்லை, வாசலை மாற்றுகிறேன். லேண்ட்ஸ் எண்ட் முனை தனியார் இடம். கார் நிறுத்தக் கட்டணம், பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கூடங்கள், கைகாட்டி மரத்தடியில் காசுக்குப் புகைப்படம். கன்னியாகுமரியில் சங்குக் கடைகளைத் தாண்டிக் கடலுக்குப் போகத் தெரிந்தவர்களுக்கு இது பெரிதல்ல. ஆனால் செனன் கோவ் என்ற கடலோரக் கிராமத்தில் காரை விட்டுவிட்டுக் குன்றின் மேல் பாதையில் நடந்தால் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டரில் அதே முனை, காசில்லாமல். எதிரே லாங்ஷிப்ஸ் கலங்கரை விளக்கம். நடக்க முடியாதவர்களைக் காரில் முனைக்கே கொண்டுபோய் இறக்குங்கள், கட்டணத்தைப் பார்க்க வேண்டாம்.

அமைதி வேண்டும் என்றால் கேப் கார்ன்வால். நில அளவைக்காரர்கள் சரியாக அளக்கும்வரை இதுதான் மேற்குக் கோடி என்று நம்பப்பட்டது. 1987-இல் ஹெய்ன்ஸ் நிறுவனம் வாங்கி நாட்டுக்குக் கொடுத்தது. உச்சியில் பழைய சுரங்கத்தின் புகைபோக்கி மட்டும் நிற்கிறது.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் வைத்துக்கொள்ளுங்கள். போர்த்கர்னோ பக்கம் லோகன் ராக் என்று எண்பது டன் பாறை ஒன்று, ஒரு காலத்தில் கையால் தள்ளினால் ஆடும். 1824-இல் கோல்ட்ஸ்மித் என்ற கடற்படை அதிகாரி தன் ஆட்களோடு போய், முடியாது என்று சொன்னதை முடித்துக் காட்டுகிறேன் என்று அதைக் கீழே தள்ளிவிட்டார். பார்க்க வருகிறவர்களை நம்பிப் பிழைத்த ஊர் கொதித்துவிட்டது. கடைசியில் கடற்படையின் கப்பிகளையும் சங்கிலிகளையும் கொண்டுவந்து அவரே திரும்ப ஏற்றி வைக்க வேண்டியதாயிற்று. இப்போது முன்போல ஆடுவதில்லை.

ராதா_ரீடிங்

போய் வந்துவிட்டோம். செயின்ட் ஜஸ்ட்டில் வீடு எடுத்தோம், சமையலறையோடு. எல்லாவற்றையும் எழுதினால் நீளும், முக்கியமானது மட்டும்.

போட்டலாக் போன அன்று ஒரே பனிமூட்டம். இன்ஜின் வீடுகளே தெரியவில்லை, கடல் சத்தம் மட்டும். பையன் முகம் தொங்கிவிட்டது. சரி, மேலேயே இருந்த ஆர்சனிக் கூடத்தைப் பார்ப்போம் என்று போனோம். தாதுவை வறுத்து, புகையை வளைந்து வளைந்து போகும் கல் அறைகள் வழியாக விடுவார்களாம். சுவரில் வெள்ளையாகப் படிவதை ஆட்கள் உள்ளே போய்ச் சுரண்டி எடுக்க வேண்டும். பாதுகாப்பு என்றால் மூக்கில் பஞ்சு, மேலெல்லாம் களிமண். அந்த விஷம் அமெரிக்கப் பருத்தி வயல்களுக்குப் பூச்சிமருந்தாகப் போயிருக்கிறது. அங்கே நின்று பேசும்போதே மூட்டம் விலகிவிட்டது. கீழே இரண்டு வீடுகளும் சுற்றிலும் இளஞ்சிவப்புப் பூக்களோடு தெரிந்தன. கணவரும் பையனும் இறங்கிப் போனார்கள், நானும் அம்மாவும் மேலே.

அப்போதுதான் காக்கை ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கறுப்பு உடம்பு, அலகும் காலும் நல்ல சிவப்பு. "இந்த ஊர்க் காக்கா உதட்டுச்சாயம் போட்டிருக்கு" என்றார் அம்மா. அப்புறம் விசாரித்தால் அது சஃப் என்ற பறவை. கார்ன்வாலின் சின்னமே அதுதான், அங்கே அடியோடு இல்லாமல் போய் 2001-இல் தானாகத் திரும்பி வந்ததாம்.

கீவரில் சின்னவள் குடைவுக்குள் ஓடியே போனாள், முனகியது என் கணவர்தான். அம்மா உடை மாற்றும் கூடத்தில் உட்கார்ந்து, அங்கே இருந்த முன்னாள் தொழிலாளி ஒருவரிடம் என்னை மொழிபெயர்க்க வைத்து, கேள்வி மேல் கேள்வி. "இத்தனை ஆம்பளை சட்டை தொங்குது, பொம்பளைங்களுக்கு இங்க வேலையே இல்லையா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான பெண்களும் சிறுமிகளும் வெட்டவெளியில் நின்று சுத்தியலால் தாது உடைத்ததை, வெயிலுக்கும் கல் தெறிப்புக்கும் தலையில் கட்டிய வெள்ளைத் துணியை எல்லாம் விவரமாகச் சொன்னார். நான் கோலார் கதையைச் சொன்னேன். அவர் தன் குடும்பத்தில் தென்னாப்பிரிக்கா போனவர்களைப் பற்றிச் சொன்னார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் தீவுக்கு, ஓதம் (கடல் ஏற்ற இறக்கம்) வற்றும் நேரம் பார்த்துக் கல்பாதையில் நடந்து போனோம். மேலே ஏறும் வழி கரடுமுரடு, அம்மா கீழே தோட்டத்துப் பக்கமே இருந்தார். போர்த்கர்னோ மணலிலிருந்து சின்னவளைக் கிளப்ப முடியவில்லை, ஆகவே மினாக் இல்லை. டின்டாஜலும் இல்லை, கணவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

தங்கவயல்_பேரன்

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. தங்கவயலிலும் சுரங்கம் 2001-இல் மூடிவிட்டது. கூடம் பூட்டிக் கிடக்கிறது, உள்ளே போய் இப்படி உட்கார முடியாது.

யாழ்_மைந்தன்

கார் எப்படி இருக்கு?

ராதா_ரீடிங்

இடது பக்கக் கண்ணாடியில் ஒரு கோடு. ஜென்னர் பக்கம் பேருந்துக்கு வழி விட்டபோது. வரப்பு கல்தான், நம்புகிறேன்.

புதுவரவு_மில்டன்கீன்ஸ்

இழை முழுக்கப் படித்தேன், நன்றி. எங்களுக்கு ஆகஸ்டில்தான் லீவு. இதே வழியில் போகலாமா? தள்ளுவண்டிக் குழந்தை உண்டு.

கடலோடி

போகலாம். போர்த்கர்னோவிலும் செனன் கோவ் கிராமத்திலும் கார் நிறுத்துமிடம் ஆகஸ்டில் காலையிலேயே நிரம்பிவிடும், ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். செயின்ட் ஐவ்ஸுக்குள் காரைக் கொண்டுபோகவே வேண்டாம், செயின்ட் எர்த்தில் விட்டுவிட்டுக் குட்டி ரயிலைப் பிடியுங்கள். கடலை ஒட்டியே போகும், தள்ளுவண்டியும் ஏறும். குன்றுப் பாதைகளுக்குத் தள்ளுவண்டி உதவாது, முதுகில் சுமக்கும் பை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு இன்னும் பிடிக்கவில்லை என்றால் இன்றைக்கே தேடுங்கள், கிடைத்தால் பென்சான்ஸ் பக்கம்தான் கிடைக்கும்.